கொட்டகைக்குள்ள ஒரு குட்டி யானை!

எனக்கு ஒரு வயசு இளையவன் ஒருத்தன் எங்க வீட்டுல இருக்கான். அரியர் கிடையாது, அட்டெண்டன்ஸ் தொல்லை கிடையாது, பிளேஸ்மென்ட் டென்ஷன் சுத்தமா கிடையாது. நாலு வருஷமா புளியமரத்தடியில படுத்த படுக்கையா கிடந்தான். பேர் என்னன்னு கேக்கறீங்களா? நாங்க வெச்ச பேர் இல்லைங்க, தமிழ்நாடே சேர்ந்து வெச்ச பேர்... குட்டி யானை!

டாடா ஏஸ், 2006 மாடல், டி.என். 29 நம்பர். பாலக்கோட்டுல இருந்து மாரண்டஹள்ளி போற ரோட்டுல எங்க கிராமம். தக்காளி சீசன்ல இந்தப் பக்கம் வந்து பாருங்க. விடியறதுக்கு முன்னாடியே கிரேட் அடுக்கின வண்டிங்க பாலக்கோடு மார்க்கெட்டைப் பார்த்து ஓடிக்கிட்டிருக்கும். அப்பாவும் பதினஞ்சு வருஷம் அந்த வரிசையில ஓடினவர்தான்.

இந்த வண்டிக்கு ஒரு சுவாரஸ்யமான ஜாதகம் உண்டு. 2005 மே மாசம் டாடா இதை இறக்கினப்போ, சின்ன விவசாயிக்கு ரெண்டே சாய்ஸ்தான். மூணு சக்கர ஆட்டோ, இல்லேன்னா 1986-ல வந்த 407 மாதிரி பெரிய வண்டி. நடுவுல ஒண்ணுமே இல்லை. அந்த இடைவெளியில புகுந்ததுதான் ஏஸ். இன்ஜின் எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க? இண்டிகா காரோட 4 சிலிண்டர், 1405 சிசி டீசல் இன்ஜினை அப்படியே பாதியாக்கினா 2 சிலிண்டர், 702 சிசி! பவர் வெறும் 16 குதிரை. இன்னிக்கு நம்ம பசங்க ஓட்டற 150 சிசி பைக்கோட பவரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனா அந்த பைக்ல முப்பது கிரேட் தக்காளி ஏத்த முடியாதே!

டிசைன் பண்றதுக்கு முன்னாடி கிரீஷ் வாக் தலைமையிலான டீம் ஊர் ஊரா போய் ஆட்டோக்காரங்ககிட்ட பேசினாங்களாம். அதுல ஒருத்தர், நாலு சக்கர வண்டி இருந்தா ஊர்ல பொண்ணு சுலபமா கிடைக்கும்னு சொன்னதா ஒரு கதை சொல்வாங்க. எங்கப்பா வண்டி எடுத்தப்போ கல்யாணம் முடிஞ்சு நானே பொறந்தாச்சு. அந்த லாபம் மட்டும் அவருக்குக் கிடைக்கலை.

2021-ல அப்பாவுக்கு முதுகுத் தண்டுல டிஸ்க் பிரச்னை. லோடு தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வண்டி மரத்தடிக்குப் போச்சு. எஃப்.சி. போச்சு, இன்சூரன்ஸ் போச்சு. தக்காளி மட்டும் வருஷா வருஷம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதை வாடகை வண்டியில அனுப்பினோம்.

வாடகை வண்டின்னா காசு மட்டும்தான் போகும்னு நினைச்சிருந்தேன். அது இல்லை விஷயம். நாலு தோட்டத்துச் சரக்கை ஏத்திக்கிட்டுப் போற வண்டி, அது போற மார்க்கெட்டுக்குத்தான் போகும். அங்கே என்ன விலையோ அதுதான் உங்க விலை. ‘இன்னிக்கு இங்கே சரியில்லை, ராயக்கோட்டைக்கு விடு’ன்னு சொல்ல முடியாது. விலை படுத்துட்டா, பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் சேர்த்தா கையைக் கடிக்கும். அப்போ காயைச் செடியிலேயே விட்டுடுவாங்க. பேப்பர்ல ‘தக்காளியை ரோட்டில் கொட்டிய விவசாயிகள்’னு போட்டோ பார்த்திருப்பீங்களே, அந்தப் போட்டோவுக்குப் பின்னாடி இந்தக் கணக்குதான் இருக்கு.

2023 ஜூலையில கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போச்சு, ஞாபகம் இருக்கா? சென்னையில ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்தாங்களே! ஹாஸ்டல் பசங்க எல்லாரும் “மச்சி, நீங்க இப்போ கோடீஸ்வரங்கடா”ன்னு ஓட்டினாங்க. எங்க செடி அப்போதான் பூ விட்டுக்கிட்டிருந்துச்சு. எங்க காய் பழுத்து வர்றதுக்குள்ள விலை இறங்கியாச்சு.

2025 ஏப்ரல்ல காயலான் கடைக்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்தார். வண்டியைச் சுத்தி வந்தார், டயரை ஒரு உதை உதைச்சார், 32,000 ரூபாய்னார். எனக்கு ஃபைனல் இயர் ஃபீஸும் ஹாஸ்டலும் கட்ட வேண்டிய நேரம். அப்பா முக்கால்வாசி சரின்னே சொல்லிட்டார். நான் சேலத்துல மெக்கானிக்கல் படிக்கிறேன். “லீவு முடியற வரைக்கும் டைம் குடுப்பா”ன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்க்காம மாட்டைப் பார்த்துச் சொன்னார்: “இதைத் தொடைக்கறதுக்காடா உன்னை அவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சேன்?” அதோட பேச்சு முடிஞ்சுது. ஆனா காயலான் கடைக்காரருக்கு அவர் போன் பண்ணலை. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஒர்க்‌ஷாப்னா பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. மாட்டுக் கொட்டகையில பாதி. ரெண்டு மாட்டை வித்ததுல காலியான இடம். ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, நாலு வேப்பங்கட்டை, ஒரு டேபிள் ஃபேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பார்க்கறார். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவார். மத்த ஆறு நாளும் நானும் வண்டியும், பக்கத்துல அசை போட்டுக்கிட்டே வேடிக்கை பார்க்கிற ஒரு மாடும்தான்.

மாமா போட்ட முதல் ரூல்: சாவியைத் தொடாதே! வருஷக்கணக்கா நின்ன இன்ஜினுக்குப் புது பேட்டரி போட்டு ‘கிர்ர்’னு சுத்தினா, துரு பிடிச்ச ரிங்கு சிலிண்டரைக் கீறிடும். டிரைவர் சீட்டைத் தூக்கினா அடியில இன்ஜின். ரெண்டு ஹீட்டர் பிளக்கையும் கழட்டி, அந்த ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா இன்ஜின் ஆயில் ஊத்தி, ரெண்டு நாள் ஊற விட்டோம். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பேனர் மாட்டிக் கையால திருப்பணும். முதல்ல அசையலை. மறுபடி ஊற விட்டோம். மூணாவது நாள் ‘டக்’னு ஒரு சின்ன அசைவு. முழுசா ரெண்டு சுத்து சுத்தினப்போ எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, எந்த செமஸ்டர் ரிசல்ட்லயும் வரலை. (பிளக் ஓட்டையைத் திறந்து வெச்சேதான் சுத்தணும். இல்லேன்னா உள்ளே தேங்கின ஆயில் வெளியே போக வழியில்லாம கனெக்டிங் ராடையே வளைச்சிடும்.)

வயரிங் எல்லாம் எலி சாப்பிட்டிருந்தது. டேங்க்ல இருந்த பழைய டீசல் வார்னிஷ் மாதிரி ஒரு நாத்தம். எல்லாத்தையும் வடிச்சு, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாத்தி... இதெல்லாம் சலிப்பான வேலை, உங்களையும் சலிப்பாக்க வேண்டாம்.

ஹீட்டர் பிளக் பத்தி மட்டும் சொல்லியே ஆகணும். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் இல்லை, காத்தை அமுக்கற சூட்டுலயே டீசல் பத்திக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். பரீட்சையில எழுதியிருக்கோம். ஆனா இந்த மாதிரி பழைய இன்ஜின்ல டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாது. தலையில இருக்கற ஒரு குட்டி அறைக்குள்ள முதல்ல பத்தி, அப்புறம்தான் வெளியே வரும். அந்த அறையோட சுவர் குளிர்ந்து கிடந்தா சூட்டை உறிஞ்சிடும், வண்டி எடுக்காது. அதனாலதான் அதுக்குள்ள ஒரு ஹீட்டர். நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க லேப் எல்லாம் வேண்டாம். கழட்டி, பேட்டரியோட ரெண்டு முனையில ஒயரால தொட்டா நுனி செக்கச் செவேல்னு பழுக்கணும். எங்களோடதுல ஒண்ணு பழுத்தது, ஒண்ணு கம்முனு இருந்தது. புதுசு வாங்கிப் போட்டோம்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கடன் வாங்கி, டீசல் லைன்ல காத்து எடுத்து, சாவியைத் திருப்பினேன். நாலாவது தடவை பத்திக்கிச்சு! கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடப் பார்த்தது. அம்மா கையில கரண்டியோட ஓடி வந்தாங்க. அந்த ரெண்டு சிலிண்டர் ‘தட தட’ சத்தம் கேட்டதும் தெருவுல இருந்த சின்னப் பசங்க எல்லாம் ஆஜர்.

அஞ்சு நிமிஷம்தான். மாமா ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு உத்துப் பார்த்துக்கிட்டிருந்தார். “நிறுத்து மாப்ள”ன்னார். உள்ளே தண்ணி முட்டை முட்டையா பொங்குது. ஹெட் கேஸ்கட் போயிருக்கு. சிலிண்டர்ல இருக்கற காத்து தண்ணிக்குள்ள வருது.

ஏன் போச்சுன்னு ஹெட்டைக் கழட்டினதும் தெரிஞ்சுது. தண்ணி ஓடற வழி எல்லாம் வெள்ளையா உப்புப் படிஞ்சு பாதி அடைஞ்சு கிடக்கு. இது எங்க ஊர் போர் தண்ணியோட கைவண்ணம். தருமபுரி மாவட்டத்துத் தண்ணி பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃப்ளோரைடு அதிகமாகிப் பல்லுல கறை, எலும்புல வலின்னு ஜனங்க பட்ட பாட்டுக்குத்தான் 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. ஃப்ளோரைடு மனுஷனுக்குன்னா, அதே தண்ணியில இருக்கற உப்பு ரேடியேட்டருக்கு. கூலன்ட் கலந்த நல்ல தண்ணி ஊத்தணும். எங்க பக்கம் யாரும் ஊத்தறதில்லை.

ஹெட்டைக் கழட்டினப்போ ஒரு பழைய முட்டை அட்டையில போல்ட்டு எல்லாத்தையும் இருந்த வரிசையிலேயே குத்தி வெச்சேன். மாமா இதுக்கு மட்டும் பாராட்டினார். ஸ்கேலை வெச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தா 0.10 மி.மீ. தகடு நடுவுல நுழையுது. ஹெட் வளைஞ்சிருக்கு. தருமபுரியில ஒரு லேத் பட்டறையில குடுத்து மட்டம் பண்ணி வாங்கினோம். வால்வு நாலையும் நானே பேஸ்ட் தடவித் தேய்ச்சு உட்கார வெச்சேன். தெர்மல் லேப்ல வால்வு டைமிங் டயகிராம் வரைஞ்சு பத்துக்குப் பத்து வாங்கியிருக்கேன். அந்த வட்டத்துல வரைஞ்ச கோடு எல்லாம் இந்த நாலு குட்டிக் காளானோட வேலைன்னு கையில பிடிச்சுத் தேய்ச்சப்போதான் மனசுல ஏறுச்சு. திரும்ப முடுக்கறப்போ நடு போல்ட்டுல ஆரம்பிச்சு வெளியே வெளியே, அதுவும் மூணு தவணையில. ஒரே மூச்சுல முடுக்கினா மறுபடியும் வளையும்.

ஹெட் லேத்துல இருந்த நாலு நாள்ல பாடியைப் பார்த்தேன். தக்காளி எவ்வளவு பெரிய வில்லன் தெரியுமா? அது அமிலம். நசுங்கின பழத்துச் சாறு தொட்டி மூலையில தேங்கி, வருஷக்கணக்கா இரும்பை அரிச்சிருக்கு. தண்ணி வடியற ஓட்டையில எல்லாம் தக்காளி விதையும் வைக்கோலும் அடைச்சுக்கிட்டிருக்கு. பின்பக்க மூலையில சேர்ந்த மண்ணுல ஒரு தக்காளிச் செடியே முளைச்சு நின்னது! பிடுங்க மனசு வராம, அம்மா அதை வேரோட எடுத்துக் கிணத்தோரம் நட்டாங்க.

துருப் பிடிச்ச இடத்தை வெட்டிட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டிங். பக்கத்து ஊர் வெல்டர் வந்து பண்ணிக் குடுத்தார். வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டிடணும், இல்லேன்னா ஆல்டர்நேட்டர் புகைஞ்சிடும். தகடு மலிவா கிடைக்குதேன்னு ஜி.ஐ. ஷீட் வாங்காதீங்க. அதுல பூசியிருக்கற துத்தநாகம் எரிஞ்சு வர்ற புகையை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் கேரண்டி. அப்புறம் ரெண்டு கோட் ரெட் ஆக்ஸைடு. பார்க்க சுமாரா இருந்தாலும் ஓட்டை இல்லை.

அந்த வேலை நடந்தப்போதான் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள அந்த டைரி கிடைச்சுது. பாக்கெட் சைஸ், அட்டை கிழிஞ்சு, டீசல் வாசனையோட. அப்பாவோட கையெழுத்து. தேதி, எத்தனை கிரேட், எந்த மார்க்கெட், என்ன விலை. ராத்திரி உட்கார்ந்து முழுசா படிச்சேன். ஒரு பக்கத்துல, ‘பாலக்கோடு 60. ஏத்தலை. ராயக்கோட்டை 95’. இன்னொரு நாள், ‘ரெண்டு இடமும் இல்லை. தருமபுரி உழவர் சந்தை. சாயங்காலம் வரை. பரவாயில்லை’. ஒரு தடவை ஓசூர் வரைக்குமே போயிருக்கார். எல்லா நாளும் ஜெயிக்கலை. அலைஞ்சு டீசலுக்குக்கூட கட்டாத நாளும் இருக்கு, அதையும் எழுதியிருக்கார். ஆனா அந்த டைரி முழுக்க ‘ஏத்தலை’ங்கற வார்த்தை திரும்பத் திரும்ப வருது. குடுத்த விலை பிடிக்கலேன்னா தராம திரும்பி வந்திருக்கார்! 2021-க்கு அப்புறம் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

காலையில டைரியைக் கொண்டு போய் அப்பாகிட்ட குடுத்தேன். புரட்டிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு மத்தியானம் கயித்துக் கட்டிலை இழுத்துக்கிட்டு வந்து கொட்டகை வாசல்ல போட்டுக்கிட்டார். அதுக்கப்புறம் தினமும் அங்கேதான். “அந்த ஸ்பேனர் இல்லடா, பதினாலு எடு”, “பின்னாடி இடது பட்டையில ஒரு இலை விட்டிருக்கும், பாரு”. பார்த்தா நிஜமாவே விட்டிருந்தது!

பிரேக்குல மட்டும் ஒரு பைசா மிச்சம் பிடிக்கலை. இன்ஜின் எடுக்கலேன்னா வீட்டுல இருப்போம், பிரேக் பிடிக்கலேன்னா எங்கே இருப்போம்? மாஸ்டர் சிலிண்டர் கிட், பின் சக்கர சிலிண்டர், முன்னாடி டிஸ்க் பேடு, ஹோஸ், ஆயில்... அத்தனையும் புதுசு. காத்து எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெடலை மிதிக்கணும், ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட நிப்பிளைத் திறந்து மூடணும். மாமாவும் இல்லை, அப்பா மிதிக்கக் கூடாது. அப்புறம் யாரு? அம்மாதான்! புடவையைச் செருகிக்கிட்டு டிரைவர் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. “மிதிம்மா... பிடிம்மா... விடும்மா”ன்னு நான் அடியில இருந்து கத்த, நாப்பது தடவை மிதிச்சிருப்பாங்க. “பதினஞ்சு வருஷத்துல உங்கப்பா ஒரு நாள் இந்த சீட்டுல உட்கார விட்டாரா?”ன்னு நடுவுல ஒரு போடு வேற. கட்டில்ல இருந்தவர் வேற பக்கம் திரும்பிக்கிட்டார்.

நீங்களும் செய்யப் போறீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போயிடாதீங்க. சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டோ கனமான கட்டையோ நிக்கணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். மொத்தச் செலவு, எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி பாக்கி எல்லாம் சேர்த்து 47,000 சொச்சம். காயலான் கடைக்காரர் தர்றேன்னது 32,000. ஆக, கிட்டத்தட்ட 80,000 வித்தியாசம். பைத்தியக்காரத்தனம்னு ஹாஸ்டல் மேட் ஒருத்தன் சொன்னான். புது வண்டி கணக்கையும் பாருங்க. 2025 ஜூன்ல ஏஸ் புரோ வந்தப்போ அதுவே 3.99 லட்சத்துலதான் ஆரம்பிச்சுது. அரை ஏக்கர் தக்காளிக்காரன் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா? முடியற வீடா இருந்தா நானே புதுசு எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். புது வண்டி புகை குறைவு, பாதுகாப்பு அதிகம், அதுல சந்தேகமே இல்லை. 2020 ஏப்ரல்ல வந்த பி.எஸ்.6 வண்டிங்க ஸ்கேனர் இல்லாம கோளாறு சொல்லாது, இது ஒரு ஸ்பேனருக்கே வாயைத் திறந்துடும். அந்த ஒரு விஷயத்துலதான் இவன் கெத்து. ஃபீஸுக்கு அம்மா சீட்டு எடுத்தாங்க. அந்தக் கடன் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

15 வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல்ல இருந்தே மத்திய அரசு ஏத்தி வெச்சிருக்கு. பழசை விட்டுட்டுப் புதுசுக்கு மாறுங்கன்னு சொல்ற வழி அது. எட்டு வருஷம் தாண்டிட்டாலே வருஷா வருஷம் காட்டணும். முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்புன்னு மின்னுற ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி போனான். முதல் தடவை ஹெட்லைட் ஃபோகஸ் சரியில்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை பாஸ்! அரியர் இல்லாத தம்பின்னு சொன்னேனே, ஒரு அரியரோட பாஸ்னு திருத்திக்குங்க.

ஓட்டறது யாருன்னு அடுத்த கேள்வி. என்கிட்ட இருக்கறது சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ். அது போதும்! மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டியை ஓட்டத் தனி பேட்ஜ் வேண்டியதில்லைன்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வும் உறுதி பண்ணியிருக்கு. கார் லைசென்ஸ் வெச்சிருக்கற பசங்க குறிச்சு வெச்சுக்குங்க.

ஜூலை முதல் வாரத்துல முதல் லோடு. இருபத்தாறு கிரேட். அப்பா இடது பக்க சீட்டுல தலகாணி வெச்சு உட்கார்ந்துக்கிட்டார். பாலக்கோடு மார்க்கெட்ல அன்னிக்கு வரத்து ரொம்ப ஜாஸ்தி. ஒரு வியாபாரி வந்து கிரேட்டைக் கிளறிப் பார்த்து ஒரு விலை சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவர்கிட்ட, “இல்லீங்க, ஏத்தலை”ன்னார். என்கிட்ட திரும்பி, “ராயக்கோட்டைக்கு விடு”.

அங்கே கிரேட்டுக்கு முப்பது ரூபாய் கூடுதலா கிடைச்சுது. டீசல் போக மிச்சம் பெருசா ஒண்ணும் இல்லை. வர்ற வழியில ஒரு கடையில டீ குடிச்சோம். அப்பா ரெண்டு வடை சாப்பிட்டார்.

இப்போதைக்கு ஒரு குறை. செகண்ட் கியர்ல ஏத்தம் ஏறறப்போ ஒரு முனகல் வருது. ஞாயித்துக்கிழமை மாமா பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு, “கியர்பாக்ஸை இறக்கிடணும் மாப்ள, பேரிங்கா இருக்கும்”னார். செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சதும் இறக்கறோம். முட்டை அட்டை எடுத்து வெச்சாச்சு.